பிராந்துக்குப் பேர் போட்ட மலை

நல்லதண்ணிக்கு வருகிறவர்கள் அநேகமாக இருட்டில்தான் வருகிறார்கள். ஹட்டனில் பஸ் பிடித்து, மஸ்கெலியாவைத் தாண்டி, நடுச்சாமத்தில் வந்து இறங்குவார்கள். கடைவீதியில் ஒரு பிளேன்டி குடித்துவிட்டுப் படியேறத் தொடங்குவார்கள். விடியும்போது சிவனொளிபாத மலை உச்சியில் நின்று சூரியனைக் கும்பிட்டு, மேற்கே பனிமூட்டத்தின்மேல் விழும் முக்கோண நிழலைப் பார்த்து, மணியடித்து, முழங்கால் நடுங்க இறங்கி வருவார்கள். ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் திரும்புகிற பஸ்ஸில் இடம் பிடித்துவிடுவார்கள். டிசம்பர் பௌர்ணமிக்குத் தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் சீசன் முழுதும் இதுதான் நடக்கும். அவர்கள் பஸ் ஏறுகிற அந்த நேரத்தில்தான் எங்கள் ஆகாயத்தில் வேலை தொடங்கும்.

ராத்திரிக் குளிரில் கிடந்த தேயிலைச் சரிவில் வெயில் ஏறும். பாறைகள் முதலில் சுடும், பிறகு கவ்வாத்து வெட்டி மொட்டையாகக் கிடக்கும் மலைகள் சுடும். சூடான காற்று சரிவைப் பிடித்து மேலே கிளம்பும். அந்தக் காற்றுக்காகக் காட்டோர மரங்களில் காத்துக்கொண்டிருந்த பிராந்துகள் (பருந்து, கழுகு எல்லாம் எங்கள் பேச்சில் பிராந்துதான்) ஒவ்வொன்றாக எழும்பும். சிறகை அடிக்காமல், வட்டம் போட்டபடி, ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம் உயர்ந்து, ஒரு கட்டத்தில் வட்டத்தை முறித்துக்கொண்டு நேராக வழுக்கிப் போகும். மாசியிலும் பங்குனியிலும் அப்படி நேராகப் போனவற்றில் சில வடக்கே போய்த் திரும்பாமலே போயின. அவற்றை எண்ணுவதற்கென்று எங்கள் தோட்டத்தில் ஒரு மனிதர் இருந்தார்.

எங்கள் தோட்டத்தில் எண்ணப்படாதது என்று எதுவும் இல்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தலையை எண்ணுவார்கள். மலையில் கொழுந்து நிறுக்கும்போது கிலோவை எண்ணுவார்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்; கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும். கவ்வாத்துக்காரருக்கு இத்தனை மரம், கான் வெட்டுகிறவருக்கு இத்தனை அடி, பங்கீட்டு அரிசிக்கு இத்தனை கொத்து, சம்பளத்தன்று பிடிப்பதற்கு இத்தனை ரூபாய். எல்லா எண்ணிக்கையும் கடைசியில் ஒரு கழித்தலில் போய்த்தான் முடியும். நாட்டுக் கணக்கிலும் அதுவே நடந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் பிரஜைகளின் கணக்கிலிருந்து விழுந்துபோனார்கள். அப்படிப்பட்ட இடத்தில், யாருடைய சம்பளத்திலும் ஒரு சதம் கூடாமலும் குறையாமலும் நடந்த ஒரே எண்ணிக்கை மேல்மலைப் பாறையில் நடந்த பிராந்து எண்ணிக்கைதான்.

எண்ணியவரை லயம் முழுவதும் கணக்குப்பிள்ளை தாத்தா என்று கூப்பிட்டது. எங்களுக்குச் சொந்தமில்லை, அடுத்த லயம். ஆயுள் முழுக்கக் கொழுந்துக் கணக்கு எழுதி ஓய்ந்தவர். ஓய்ந்தாலும் காலையில் பெரட்டுத் தப்பு அடிக்கும்போதே எழும்பிவிடுவார். ஒரு பழைய கோட்டு, தலையில் மப்ளர், இடுப்பில் ரொட்டிப் பொட்டலம், கழுத்தில் தூரக்கண்ணாடி. அந்தத் தூரக்கண்ணாடி 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறிய வெள்ளைக்காரத் தொரை கொடுத்துவிட்டுப் போனது. தொரைமார்களில் பறவைப் பைத்தியம் பிடித்தவர்கள் அந்தக் காலத்தில் சிலர் இருந்தார்கள். இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் நூல் எழுதிய டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் தேயிலைத் தோட்டக்காரர். பறவைப் பட்டியலும் போட்டார். 1955இல் இலங்கைப் பறவைகளுக்குக் கையேடு எழுதிப் படமும் வரைந்த ஜி. எம். ஹென்றி பிறந்ததே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான். அவர்களுடைய புத்தகங்கள் எதுவும் கணக்குப்பிள்ளை தாத்தாவின் கைக்கு வந்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரு செக்ரோல், ஆட்களுக்குப் பேர் போடும் பதிவேடு.

பாவித்து முடிந்து மிச்சம் கிடந்த தாள்களைத் தைத்து அவரே கட்டிய செக்ரோல் அது. இடப்பக்கம் ஆளின் பேர் எழுத ஒரு நீளக் கட்டம். வலப்பக்கம் 1 முதல் 31 வரைக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள். ஆள் பேர் வரவேண்டிய இடத்தில் தாத்தா பறவையின் பேரை எழுதியிருந்தார். பூனைப்பருந்து, சிவப்பு வல்லூறு, தேன்பருந்து, பெரிய வல்லூறு, காலிறகுக் கழுகு. தேதிக் கட்டத்தில் அன்றைக்கு எத்தனை போயிற்று என்று பென்சிலால் எழுதுவார். "இன்னிக்கு பூனைப்பருந்துக்கு ரெண்டு பேர் விழுந்துச்சு" என்று இறங்கிவரும்போது சொன்னால், தண்ணிப் பீலியில் குடம் வைத்துக்கொண்டிருக்கும் பொம்பளையாட்கள் சிரிப்பார்கள். "எங்களுக்கே அரைப்பேர்தான், அதுக்கு முழுப்பேரா மாமா?" என்று ஒருத்தி கேட்டது நினைவிருக்கிறது.

பாறைக்கு நாங்கள் போவது ஞாயிற்றுக்கிழமைகளிலும் சித்திரைப் பள்ளி விடுமுறையிலும். லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம், அதற்கு மேல் தேயிலை, தேயிலைக்கு மேல் சவுக்கு மர வரிசை, அதையும் தாண்டினால் மானாப்புல். புல் முடிகிற இடத்தில் பாறை. நல்லதண்ணி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மலை உச்சியோ 2243 மீட்டர். நடுவில் எங்கோ எங்கள் பாறை. முதுகுப் பக்கம் காடு, அதன் மேலே நாங்கள் சுவாமி மலை என்று சொல்லும் சிவனொளிபாத மலை. முன்னால் கீழே மவுசாகலை நீர்த்தேக்கம். 1969இல் அந்த அணையைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. மழையில்லாத மாதங்களில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலின் கல்லும், பள்ளிவாசலின் சுவரும், விகாரையின் மிச்சமும் சேற்றிலிருந்து வெளியே தெரியும். பிராந்துகள் வடக்கே போகும் மாதங்களும் அவைதான். ஆகவே எங்கள் கண் முன்னால் எப்போதும் மேலே ஒரு கணக்கும் கீழே ஒரு கணக்கும் இருந்தது. தாத்தா இரண்டையும் பார்ப்பார். "கோயில் படி மூணு தெரியுது" என்பார், பிறகு கண்ணாடியை ஆகாயத்துக்குத் தூக்குவார்.

அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம், நிறத்தைப் பார்க்காதே என்பது. வெயிலுக்கு எதிரே எல்லாம் கறுப்பு. சிறகு எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பூனைப்பருந்து வழுக்கும்போது இரண்டு சிறகையும் கும்பிடத் தூக்கிய கைகள்போல மேலே பிடித்திருக்கும். மெல்லிய உடம்பு, நீண்ட வால், காற்றில் சற்றுத் தள்ளாடும். சிவப்பு வல்லூறு மானாப்புல்லுக்கு மேலே வந்தால் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும், வாலை விரித்துக் குனிந்து தரையைப் பார்க்கும், வெட்டுக்கிளியோ ஓணானோ கண்டால் விழும். காலிறகுக் கழுகு என்று அவர் எழுதியது நகம்வரைக்கும் இறகு மூடிய சின்னக் கழுகை. அது நேராக நம்மை நோக்கி வரும்போது கழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். பெரிய வல்லூறுக்குக் கூர்மையான சிறகு. அது காற்றுக்காகக் காத்திருக்காது, சிறகடித்தே போய்விடும். எல்லாவற்றிலும் வேகமானது, கண்ணாடியைத் திருப்புவதற்குள் சுவாமி மலையைத் தாண்டியிருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. வயிறு செம்பழுப்பாக, முதுகு கறுத்திருப்பது இந்தத் தீவிலேயே பாறை இடுக்கில் குஞ்சு பொரிப்பது. சீகிரியாப் பாறையிலும் அது கூடு கட்டுகிறது. வெளிறிய மற்றது வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத வெளிகளில் பிறந்து, குளிருக்கு இங்கே வருவது. வயிறு வெளுத்ததற்கு மட்டும்தான் தாத்தா பேர் போடுவார்.

இது அவருடைய சட்டம். ஊரில் இருப்பதற்குப் பேர் கிடையாது. எங்கள் காட்டின் மேலே தினமும் ஒரு கருங்கழுகு வரும். உடம்பு முழுக்கக் கரி, கால் மட்டும் மஞ்சள். சிறகின் நுனி விரல்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்க, மர உச்சிகளைத் தொடுகிற மாதிரித் தாழ்வாக, அவசரமே இல்லாமல் போகும். போகிற போக்கில் குருவிக் கூட்டை அப்படியே பெயர்த்துக் காலில் எடுத்துக்கொண்டு போய், பறந்தபடியே முட்டையையும் குஞ்சையும் தின்னும். எங்களுக்கு அதைப் பார்ப்பதுதான் பெரிய சந்தோசம். தாத்தாவோ கண்ணாடியை இறக்கிவிடுவார். "அது நிரந்தரப் பதிவுடா. நான் எழுதறது கைக்காசுக்கு வந்து போற ஆளுங்கள." காடு அதிரக் கூவிக்கொண்டு சுற்றும் பாம்புக் கழுகுக்கும் அதே சட்டம்தான். செம்பருந்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார், எழுதமாட்டார்.

தேன்பருந்து வந்தால் மட்டும் சட்டம் கொஞ்சம் குழம்பும். அந்த இனத்தில் இங்கேயே இருப்பதும் உண்டு, வடக்கிலிருந்து வந்து போவதும் உண்டு. சின்னத் தலை, நீண்ட கழுத்து, அகலச் சிறகு. அது வட்டமிட்டுவிட்டுத் திரும்பக் காட்டுக்குள் இறங்கினால் பேர் இல்லை. வடக்கே கோடு பிடித்துப் போய், மவுசாகலையின் மறுகரை மலைகளில் கரைந்துவிட்டால் பேர் உண்டு. அது கரைகிற வரைக்கும் நாங்கள் கண்ணெடுக்கக் கூடாது. கண்ணில் தண்ணீர் வரும்.

அந்தப் பறவைக்கு மலையில் தனி மரியாதை இருந்தது. அது குளவிக் கூட்டை உடைத்துப் புழுவைத் தின்னும். தேயிலை மலையில் வேலை செய்தவர்களுக்குக் குளவி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் கூட்டத்தின்மேல் குளவி கலைந்து விழுந்தால் கூடையை எறிந்துவிட்டு ஓட வேண்டும். ஓடத் தெரியாத வயசானவர்களைப் படங்கால் மூடி இழுத்துக்கொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராதவர்களும் உண்டு. குளவி கொட்டித் தோட்டத் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி இன்றைக்கும் மலையகத்துப் பத்திரிகைகளில் ஓயாமல் வருகிறது. எங்கள் பாட்டி மற்ற எல்லாப் பிராந்துக்கும் கோழிக்குஞ்சைக் கூடை போட்டு மூடி, கல்லெறிந்து வைவாள். தேன்பருந்தை மட்டும் குளவிப் பிராந்து என்று பேர் சொல்லி, "அதப் போக விடுங்கடா" என்பாள்.

அந்த மாதங்களில் பிராந்துகளோடு இன்னும் எத்தனையோ போயின. நீலவால் பஞ்சுருட்டான்கள் கூட்டங்கூட்டமாக மின்கம்பியில் சேர்ந்து, ஒரு நாள் காலையில் மொத்தமாகக் காணாமற்போகும். ஐப்பசியில் வந்து மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் குப்பை கிளறிக்கொண்டிருந்த ஆறுமணிக்குருவி சித்திரைக்குள் போய்விடும். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் குளிரைக் கழிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்குப் பேரிலேயே ஊர் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளோ எண்ணிக்கைக்குள் அடங்காதவை. மஞ்சளும் வெள்ளையுமாகச் சில நாட்களில் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே திசையில் பறக்கும். சுவாமி பாதத்தைக் கும்பிட்டுச் சாகப் போகின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிங்களவர்களும் அதையேதான் சொல்வார்கள். சி. பி. வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டக்காரர்களும் மற்றவர்களும் எழுதி வைத்த குறிப்புகளைச் சேர்த்து 1927இலேயே இந்தப் பயணங்களை ஆராய்ந்து எழுதினார். மழைக்காற்று மாறும் பருவங்களோடு அவை சேர்ந்து நடக்கின்றன. அதே நாட்களில் கீழே லயத்தில் காமன் கூத்துக்கு ஒத்திகை நடக்கும். மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றி, ராத்திரி ராத்திரியாகத் தப்படித்து ஆடி, கடைசியில் சிவன் நெற்றிக் கண்ணால் காமனை எரித்துவிடுவார். முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ரதியாக வேசம் கட்டிய ஆம்பளையாள் மறுநாள் காலை பெரட்டில் அரைத்தூக்கத்தில் நிற்பார். வசந்தம் என்ற சொல்லை நாங்கள் பள்ளிப் புத்தகத்தில்தான் படித்தோம். எங்களுக்கு அது காமன் எரிகிற, தண்ணீர் வற்றுகிற, பிராந்து போகிற காலம்.

தாத்தாவின் செக்ரோலில் பெரிய எண்கள் கிடையாது. பாதி நாளுக்குச் சுழிதான். போட்ட நாளிலும் ஒன்று, இரண்டு. ஒரு கை விரலை மடக்கி முடிப்பதற்குள் கணக்கு முடிந்துவிடும். அதற்குக் காரணம் உண்டு. பெரிய சிறகுள்ள பிராந்துகளும் கழுகுகளும் தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்றை நம்பிப் பயணம் செய்பவை. கடலின்மேல் அந்தக் காற்று கிடைக்காது. ஆகையால் அகலமான கடலைக் கண்டால் ஒதுங்கிச் சுற்றிப் போகும், அல்லது குறுகிய இடமாகத் தேடி ஒன்று சேரும். கருங்கடலின் கிழக்குக் கரையில் ஜோர்ஜியாவின் பதுமி நகரத்துக்கு மேலே மலைக்கும் கடலுக்கும் நடுவில் இப்படி நெருங்கிப் போகும் பிராந்துகளை 2008 முதல் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எண்ணுகிறார்கள்; ஒரு பருவத்துக்கே 10 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் இணைக்கும் இஸ்ரேலின் ஏலாத்தில் வசந்தத்தில் லட்சக்கணக்கில் போகின்றன. இமயத்தின் தென்சரிவில் தரம்சாலாவுக்கு மேலே 2001 இலையுதிர் காலத்திலும் 2002 வசந்தத்திலும் உட்கார்ந்து எண்ணியவர்கள், மலையோரமாக ஆயிரக்கணக்கில் புல்வெளிக் கழுகுகள் போவதைப் பதிவு செய்தார்கள்.

எங்கள் தீவோ அந்தப் பாதையின் கடைசி முனை. இங்கிருந்து தெற்கே அண்டார்டிகா வரைக்கும் தண்ணீர்தான். இங்கே வருவதென்றால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவிலுள்ள சுமார் 30 கிலோமீட்டர் கடலையோ அதையொட்டிய பாக்கு நீரிணையையோ தாண்ட வேண்டும். கசகஸ்தானின் புல்வெளிகளில் பொரித்து இந்தியாவுக்கு வரும் பூனைப்பருந்துகளில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே குளிர்காலத்தைக் கழித்துவிடுகின்றன. குஜராத்தின் வேளாவதரில் அவை ஆயிரக்கணக்கில் ஒரே புல்வெளியில் இராத் தங்கிய காலம் இருந்தது, இப்போது அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டன. அவற்றில் சிலதுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ப் பார்ப்போமே என்று தோன்றும். அந்தச் சிலவற்றில் ஒன்றோ இரண்டோதான் எங்கள் பாறைக்கு நேரே மேலே வரும். தாத்தாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் தன் கணக்கு ஏன் சின்னது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "கடைசி லயத்துக்கு வர்ற ஆளு எப்பவும் கொறைவுதான்டா."

ஒரு வரிசையில் அவர் பறவைகளுக்குப் பதிலாக, தோட்டத்தை விட்டுப் போன ஆட்களை எழுதியிருந்தார். கடைசித் தாளில், சிவப்பு மையில். நான் அதைப் பார்த்தது பின்னாளில்.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்றும் 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பதென்றும் முடிவானது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இந்திரா காந்தியோடு பேசிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னார்த் துறைக்குப் போய், 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். தாத்தாவின் தம்பி குடும்பமும் எழுபதுகளின் கடைசியில் அப்படித்தான் போனது. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்து, கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் போனால் செக்ரோலில் அவர் பேரைச் சிவப்பு மையால் வெட்டுவது கணக்குப்பிள்ளையின் வேலை. தம்பி பேரையும் அவர்தான் வெட்டினார்.

அதைப் பற்றி அவர் பேசியதாக எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான். பாறையில் வைத்து, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு சர்க்காரும் தலைய எண்ணிப் பங்கு போட்டாங்க. ஒரு தலைக்கும் பேர் கேக்கல." பிறகு வழக்கம்போல ஆகாயத்தைப் பார்த்தார்.

தம்பிக்கு அவர் எழுதிய கடிதங்களில் நலம் விசாரிப்பு முடிந்ததும் பிராந்துக் கணக்கு வரும். இந்த மாசியில் இங்கிருந்து பூனைப்பருந்து இத்தனை, தேன்பருந்து இத்தனை போயிற்று. அங்கே மலைக்கு மேலே காண்கிறதா, எந்தக் கிழமை என்று கேட்டு எழுதுவார். தம்பியும் பார்த்து எழுதினார். கோத்தகிரிக்கு மேலே பார்த்த பிராந்தும் நல்லதண்ணியில் பேர் விழுந்த பிராந்தும் ஒன்றேதான் என்று யாராலும் சொல்ல முடியாது. தாத்தாவும் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி பார்ப்பார், அவ்வளவுதான். 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றுபோனது. கடிதம் மட்டும் கொழும்பு சுற்றி நின்று நின்று வந்தது. 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு தூரக்கண்ணாடியோடு மலையேறுவது சரியாகப் படாமல், அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, வெறுங்கண்ணால் எண்ணினார். எண்ணிக்கை இன்னும் குறைந்தது. குறைந்ததற்குக் காரணத்தையும் தாளின் ஓரத்தில் எழுதினார்: 'கண்ணாடி இல்லை.'

அந்த ஓரக் குறிப்பின் அருமை எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மலைமுகட்டில் முன்பு துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்து, போகிற பிராந்துகளை விளையாட்டுக்காகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துச் சுடுவதை நிறுத்தி, மோரிஸ் ப்ரூன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். ப்ரூன் அங்கே உட்கார்ந்து பல ஆண்டுகள் எண்ணினார். இருபது வருசம்போலக் கழித்து அந்தக் கணக்கில் ஒரு விசயம் தெரிந்தது: வெண்தலைக் கழுகுகளில் வளர்ந்தவை போய்க்கொண்டுதான் இருந்தன, குஞ்சுப் பருவத்தவை அருகிவிட்டன. டிடிடி முதலான பூச்சிகொல்லிகளின் தீங்கைப் பற்றி 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்' நூலில் அந்தக் கணக்கையும் எடுத்துக்காட்டினார். எந்தப் பயனையும் எதிர்பார்க்காமல் வருசா வருசம் ஒரே இடத்தில், ஒரே முறையில் எழுதி வைத்ததால்தான் அது சாட்சியாக நின்றது. கண்ணாடி இருந்த வருசத்தையும் இல்லாத வருசத்தையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும் என்பது கொழுந்து நிறுத்த தராசோடு வாழ்ந்த மனிதருக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

தாத்தா போய் வெகுகாலமாகிறது. செக்ரோலைக் கரையான் தின்றது. மானாப்புல் மேடு பாதி குறைந்து, கீழே கடைவீதியில் மாடி விடுதிகள் எழும்பிவிட்டன. சீசன் முடிந்தால் படிக்கட்டு ஓரம் முழுக்கப் பிளாஸ்டிக் போத்தல். எங்கள் பாறைக்குப் பின்னாலுள்ள காடு 1940இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்ந்து உலக மரபுரிமை இடமும் ஆனது. ஆனாலும் 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் ஒரு தோட்டத்தில் பன்றிக்கு வைக்கும் கம்பித் தடத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டிக்கொண்டது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள்; சில நாளில் செத்துப்போனது. அப்படியொரு விலங்கு நம்ம மலையிலேயே இருந்திருக்கிறதே என்று அந்தச் செய்தியில்தான் பலருக்குத் தெரிந்தது. இருக்கிறபோதே எழுதி வைக்க யாரும் இல்லாவிட்டால் போகிறபோதுதான் ஒன்று கணக்கில் வரும்.

எண்ணுவதற்கும் காவல் நிற்பதற்கும் ஆள் சேர்ப்பது கஷ்டமில்லை என்று மற்ற ஊர்க்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்தைச் சுற்றி, ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் லட்சக்கணக்கில் இறங்கும் அமூர் வல்லூறுகளை வலை விரித்துப் பிடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 2012இல் அது உலகத்துக்குத் தெரிய வந்தது. அடுத்த வருசமே பாங்டி முதலான ஊர்மக்கள் பிடிப்பதை நிறுத்தி, அவர்களே காவலுக்கு நின்றார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவை எண்ணுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்று பதினைந்து நிமிசம் பார்த்து எழுதி அனுப்புகிறார்கள். இலங்கையிலும் பறவை பார்க்கிற சங்கங்கள் பழசானவை. கொழும்புப் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்ட களப் பறவையியல் குழு 1976இல் தொடங்கியது. நம்முடைய தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிய வித்தையல்ல. அவர்களுடைய வீட்டில் எல்லோரும் எண்ணப்பட்டவர்கள்தான், ஒரு பருவமாவது எண்ணுகிறவர்களாக இருந்து பார்க்கட்டும்.

ஆகவே நல்லதண்ணியிலும் மஸ்கெலியாவிலும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிவராத்திரி முடிந்ததும் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, ஒன்பதரை மணிக்கு மேல் வெயில் பிடிக்கிற ஒரு மேட்டில் அவர்களை உட்கார வையுங்கள். கட்டம் போட்டுத் தேதி எழுதச் சொல்லுங்கள். பேர் தெரியாத பிராந்தைச் சிறகு எப்படி நின்றது என்று படம் போட்டு வைத்தால் போதும், பேர் பிறகு கிடைக்கும். வடக்கே போய் மறைகிற வரைக்கும் பார்த்த பிறகே எழுத வேண்டும், காட்டுக்குள் திரும்பினதை எழுதக் கூடாது. மழை வந்தால் மழை என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். ஒன்றும் வராத நாளுக்கும் சுழி போடத்தான் வேண்டும். பாதையின் கடைசி முனையில் இருப்பவர்களுக்கு அந்தச் சுழி முக்கியம். வடக்கே எங்கோ ஒரு புல்வெளி உழப்பட்டால், ஒரு விஷம் தெளிக்கப்பட்டால், இங்கே வந்து சேருகிற அந்த ஒன்றிரண்டுதான் முதலில் நிற்கும். பெரட்டுக்கு யார் வரவில்லை என்பது, தினமும் பேர் வாசிக்கிற கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும்.